மெகிதோ போனால் அந்தக் குழியையும் பாருங்கள்

இஸ்ரேலில் இருக்கிற மெகிதோ, பழைய ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து கிடக்கும் ஒரு மண்மேடு. புனிதப் பயணக் குழுக்கள் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். மேட்டில் ஏறியதும் எல்லாரும் போய் நிற்பது யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு தெரிகிற பக்கம். எங்கள் போதகர் ஐயாவும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலைத் திறந்து, கடைசிப் போருக்கு ராஜாக்கள் கூடும் இடத்தைச் சொல்லும் அர்மகெதோன் வசனத்தை வாசித்தார். பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேர் செல்ஃபி எடுத்தார்கள். நான் நைசாக நழுவி கிழக்குப் பக்கக் குழியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

கீழே வட்டமாக ஒரு கல்மேடை. குறுக்கே 8 மீட்டருக்குக் குறையாது, ஆள் நெஞ்சு உயரம். கையில் தூக்கக்கூடிய சின்னச் சின்னக் கற்களை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்குக் கிழக்கே படி. இஸ்ரவேலருக்கு முன்னே இங்கே வாழ்ந்த கானானியர் பலியிட்ட பீடம் இது, ஏறக்குறைய 4500 வருஷப் பழசு.

கூட வந்த பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "இதுலயா தம்பி ஆடு வெட்டுனாங்க?"

"ஆமா பெரியம்மா, அடியில எலும்பா கிடந்துச்சாம்."

"ரத்தமெல்லாம் எங்க போயிருக்கும்?" என்றார். வழிகாட்டியிடம் பதில் இல்லை!

1925-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்பெல்லரின் பணத்தோடு வந்த சிகாகோ பல்கலைக்கழக அகழாய்வுக் குழு, மேடு முழுவதையும் அடுக்கடுக்காக உரித்துவிடத்தான் திட்டம் போட்டது. மேல் அடுக்குகள் பல அப்படியே போயின. அது எனக்கு வயிற்றெரிச்சல்தான். செலவு கட்டுப்படியாகாமல் பிறகு சில இடங்களில் மட்டும் ஆழமாக இறங்கினார்கள். அப்படி அடிப்பாறை வரை தோண்டிய இடங்களில் ஒன்று இந்தக் குழி. கோயில் இடிந்தால் அதே இடத்தில் அடுத்த கோயில். இப்படியே 2000 வருஷம் போல நடந்திருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் பிறகு இங்கே தோண்டி, கி.மு. 3000 வாக்கிலான பெருங்கோயில் ஒன்றை வெளிக்கொண்டு வந்தார்கள். சுமார் 1100 சதுர மீட்டர் பரப்பு, உள்ளே வரிசையாகக் கருங்கல் பலகைகள். அங்கே கிடைத்த எலும்புகளும் பெரும்பாலும் இளம் ஆடுகளுடையவை.

போகிறவர்களுக்கு ஒன்று: குழுவை, பழங்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் எடுக்க வெட்டிய நீர்ச்சுரங்கத்தில் இறக்கி மறுபக்கமாக வெளியே கூட்டிப்போய் அங்கேயே பேருந்தில் ஏற்றுவார்கள், திரும்பி மேலே வர முடியாது. அதனால் பலிபீடத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் சுரங்கப்படி வேண்டாம், வந்த வழியே இறங்கிவிடலாம்.