சிம்ப்ளிசிட்டி ஓட்டை: பேட்ச் முக்கியமா, பிரித்து வைப்பது முக்கியமா?

கொதிகலன்காரன்:
ஸ்காடா, அதாவது ஆலையைக் கணினி மூலம் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் அமைப்பு, அதன் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே "பேட்ச் போடு", அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தைப் போடு என்கிறார்கள். ஆலையின் நெட்வொர்க்கை வெளியிலிருந்து பிரித்து வைப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. சிவிஇ-2014-0751 என்று எண்ணிட்டுப் பதிவான ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஇ நிறுவனத்தின் ஸ்காடா மென்பொருளான சிம்ப்ளிசிட்டியில் வெப்வியூ என்றொரு பகுதி உண்டு. டிசிபி 10212 போர்ட்டில் வரும் செய்தியில் இருக்கிற கோப்புப் பாதையை அது ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. தாக்கியவர்கள் தங்கள் சர்வரில் வைத்திருந்த திரைக் கோப்பையே எச்எம்ஐ (ஆபரேட்டர் ஆலையைப் பார்த்து இயக்கும் திரைக் கணினி) எடுத்து இயக்கும்படி செய்தார்கள். ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பைக் கவனித்த அமெரிக்க அரசுக் குழுவான ஐசிஎஸ்-செர்ட் சொன்னபடி, இது குறைந்தது 2012 ஜனவரியிலிருந்து நடந்திருக்கிறது. அறிவிப்பு வந்ததோ 2014 ஜனவரி 23 அன்று. இடைப்பட்ட காலத்தில் போடுவதற்குப் பேட்சே கிடையாது. குறிவைக்கப்பட்டவை நேரடியாக இணையத்தில் இருந்த எச்எம்ஐகள். அந்த இணைப்பு இல்லாதிருந்தால் இந்த வழியில் யாரும் வந்திருக்க முடியாது. வருடத்துக்கு ஒரு ஷட்டவுன் கிடைக்கிற ஆலையில் பேட்சுக்காக மல்லுக்கட்டுவது வீண்.

நள்ளிரவு_லாக்:
சரி, அதற்கு அப்புறம்? 2013 டிசம்பரிலேயே ஜிஇ தன் வாடிக்கையாளர் தளத்தில் வழிகாட்டுதலைப் போட்டுவிட்டது. பத்து மாதம் கழித்து, 2014 அக்டோபரில், இந்தத் தாக்குதலில் பயன்பட்ட பிளாக்எனர்ஜி என்ற தீநிரல் பற்றி ஐசிஎஸ்-செர்ட் தனி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அந்த இடைவெளிக்கு என்ன பதில்?

இன்னொன்று. வெப்வியூ இருப்பதே கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே இருப்பவர் பிரவுசரில் திரையைப் பார்ப்பதற்காக. அளவீடுகளைச் சேமித்து வைக்கும் சர்வரான ஹிஸ்டோரியனும் அப்படித்தான். ஆலையின் அளவீடுகளை ஆபீசுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதை முழுக்கப் பிரித்து வைத்தால் அது எதற்கு? ஏதாவது ஒரு போர்ட் திறந்தே இருக்கும். அந்தப் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கும் நிரலிலேயே ஓட்டை இருந்தால், ஃபயர்வால் அனுமதித்த பாதையிலேயே ஆள் உள்ளே வந்துவிடுவான்.

கொதிகலன்காரன்:
உக்ரைனைப் பாருங்கள். 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கினார்கள். ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. அங்கே பிரேக்கர்களைத் திறக்க, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்க, ஸ்காடாவில் எந்த ஓட்டையும் தேவைப்படவில்லை. திருடிய பாஸ்வேர்டோடு தொலைவிலிருந்து உள்ளே போய், ஆபரேட்டரின் மென்பொருளை வைத்தே திறந்தார்கள். எல்லாப் பேட்சும் போட்டிருந்தாலும் அது நடந்திருக்கும்.

நள்ளிரவு_லாக்:
நீங்கள் நம்புகிற பிரிப்புச் சுவரும் அங்கே நிற்கவில்லையே. பாஸ்வேர்டு திருடியவன் ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கிறான் என்றால், ஹிஸ்டோரியன் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

சாய்கோடு:
நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இருவருமே ஓட்டையை வானிலை போலப் பேசுகிறீர்கள். இது பல காலமாகத் தெரிந்த பிழை. ஒரு கோப்புறைக்குள் மட்டும் படிக்க வேண்டிய நிரலுக்கு ../ என்று அனுப்பினால் ஒரு படி மேலே போய்விடுகிறது. பலர் அந்த எழுத்துகளை மட்டும் தேடி நீக்குகிறார்கள். ....// என்று அனுப்பினால், நடுவில் இருப்பதை நீக்கிய பிறகு மிஞ்சுவது மறுபடியும் ../ தான். விண்டோஸில் பின்சாய்கோடும் அதே வேலையைச் செய்யும். புள்ளியை %2e என்று குறிமாற்றி அனுப்பவும் வழி உண்டு.

செய்ய வேண்டியது வேறு. பாதையை முழுதாக விரித்து, இறுதியில் அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடம் அனுமதித்த கோப்புறைக்குள் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் "டேட்டா" கோப்புறைக்குக் கொடுத்த அனுமதியில் "டேட்டாபழசு" கோப்புறையும் திறந்துவிடும். கோடிக்கணக்கில் விலை சொல்லும் மென்பொருளில் இந்தச் சோதனை இல்லையென்றால் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

கொதிகலன்காரன்:
கேட்கலாம். ஆனால் இன்று இரவு ஷிப்டில் அந்தக் கேள்வியால் எனக்குப் பயனில்லை. பேட்ச் போட்ட பிறகு, அளவுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டிரெண்ட் திரை வராமல் போனால், கொதிகலன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டிய ஆபரேட்டர் இருட்டில் நிற்பார். அந்த ஆபத்தை யாரும் எண்ணால் எழுதி வைப்பதில்லை.

நள்ளிரவு_லாக்:
அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் முதலில் ஷட்டவுன் தேவைப்படாத வேலைகளைக் கேட்கிறேன். வெப்வியூவை உங்கள் ஆலையில் யாராவது பயன்படுத்துகிறார்களா? இல்லையென்றால் அந்த சர்வீஸை நிறுத்துங்கள். பயன்படுத்தினால், அது நிர்வாகி உரிமையோடு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொதிகலன்காரன்:
இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். எச்எம்ஐ பேட்ச் மட்டும் ஷட்டவுனில்தான். ஹிஸ்டோரியனும் அப்படியே.

நள்ளிரவு_லாக்:
எச்எம்ஐ சரி. ஹிஸ்டோரியன் ஏன்? அது அரை மணி நேரம் நின்றால் கொதிகலன் நிற்காது. பல ஹிஸ்டோரியன்களில், அளவீடுகளைத் திரட்டி அனுப்பும் நிரல்களான கலெக்டர்களே தரவைத் தேக்கி வைத்திருந்து, சர்வர் திரும்பியதும் அனுப்பிவிடும்.

கொதிகலன்காரன்:
எங்கள் கலெக்டர்களில் அந்த வசதி போட்டிருக்கிறதா என்று இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்களிடம் கேட்க வேண்டும். போட்டிருந்தால் ஹிஸ்டோரியனுக்கு ஷட்டவுன் வரை காத்திருக்க மாட்டேன். எச்எம்ஐ விஷயத்தில் என் நிலை மாறவில்லை.