மெக்கர் மெக்கரா, ஃப்ளூக் மெக்கரா? – ‘மின்னமைப்புச் சோதிப்பான்’ குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

வயரிங் பயிற்சிக் கையேட்டில் சோதனைக் கருவிகளை ஒப்பிடும் பகுதிக்காக ‘இன்ஸ்டலேஷன் டெஸ்டர்’ என்பதற்கு, அதாவது கட்டடத்தின் வயரிங்கைப் பல விதமாகச் சோதிக்கும் ஒரே பெட்டிக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மூன்று பரிந்துரைகள் வந்தன: மின் நிறுவல் சோதனைக் கருவி, பல்செயல் மின்மானி, அப்புறம் ‘பேசாமல் மெக்கர் என்றே எழுதிவிடுங்கள்’. கடைசியாகச் சொன்னவர் பாதி விளையாட்டாகச் சொல்லியிருப்பார். ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு மெக்கர் ஒரு கம்பெனியின் பெயரே இல்லை. “மெக்கர் போட்டாச்சா?”, “மெக்கர் வேல்யூ எவ்வளவு?” என்று கேட்டால் வயரின் காப்புத் தடையை (மின்சாரம் கசியாமல் உறை எவ்வளவு தடுக்கிறது என்பதை) கேட்கிறார் என்று பொருள். அவர் கையில் இருப்பது ஜப்பானின் கியோரிட்சுவாக இருக்கும், நாசிக்கின் மோட்வானேவாகக்கூட இருக்கும். மெக்கர் என்பதோ 1903இல் பிரிட்டனில் பதிவான வணிகப்பெயர். அதே பெயரில் இன்றும் கருவி விற்கிறார்கள். மெக்கர், ஃப்ளூக் என்று பிராண்டுகளை ஒப்பிட உட்கார்ந்தால், “எதை வாங்கலாம், மெக்கர் மெக்கரா, ஃப்ளூக் மெக்கரா?” என்று எழுத வேண்டியதாகிறது. போட்டியில் ஓடுகிற ஒருவரின் பெயரையே போட்டிக்கும் வைத்துக்கொண்டு முடிவு அறிவிக்க முடியாது.

தவிர, பேச்சில் உள்ள மெக்கர் ஒரே ஒரு சோதனையைத்தான் குறிக்கிறது. நாம் பேசும் பெட்டி காப்புத் தடையோடு, எர்த் வயரின் தொடர்ச்சி, புவி வளைய இம்பிடன்ஸ் (கசியும் மின்சாரம் எர்த் வழியாகச் சுற்றித் திரும்பும் பாதையின் மொத்தத் தடை), ஆர்.சி.சி.பி. (எர்த் கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) துண்டிக்கும் நேரம், மூன்று ஃபேஸின் வரிசை, பல மாடல்களில் எர்த் குழியின் தடை எல்லாவற்றையும் பார்க்கிறது. (இம்பிடன்ஸை இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். அது தனி இழைக்கான சண்டை.) இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி 61557. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பகுதி உண்டு. பல சோதனைகளை ஒன்றாய்ச் சேர்த்த கருவிக்கென்றே பத்தாவது பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள்.

‘பல்செயல் மின்மானி’யில் எனக்குள்ள தயக்கம், படிப்பவருக்கு உடனே மல்ட்டிமீட்டர்தான் நினைவுக்கு வரும் என்பது. பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நாம் களைய வேண்டிய முதல் குழப்பமே அதுதான். சுவிட்ச் பாக்ஸின் திருகில் ஒரு வயர் நசுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்ட்டிமீட்டர் சில வோல்ட்டை வைத்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று காட்டிவிடும். அதே வயரில் 500 வோல்ட் கொடுத்தால் 0.2 மெகா ஓம் என்று உண்மை வெளியே வரும். பிரிட்டனின் வயரிங் விதியான பி.எஸ் 7671இல் அந்த அழுத்தத்தில் 1 மெகா ஓமுக்குக் கீழே போகக்கூடாது. ஆகவே இது அளந்து சொல்வதோடு நிற்கிற மீட்டர் இல்லை. வயரிங்கை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்லும் கருவி. அதனால் ‘மானி’ வேண்டாம் என்பது என் கட்சி.

‘நிறுவல்’ விஷயத்தில் மொழிபெயர்ப்பில் தவறில்லை, ஆனால் பொருள் மாறிவிடுகிறது. மென்பொருள்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட பிறகு, நிறுவல் என்றால் மாட்டிவைக்கும் வேலை என்றே காதில் விழுகிறது. இங்கே சோதிக்கப்படுவது வேலை இல்லை. சுவருக்குள் இருக்கும் வயர், டிபி பாக்ஸ், பிளக் பாயின்ட், எர்த் என்று கட்டடத்தில் நிலையாக இருக்கும் மொத்த ஏற்பாடு. அதற்கு ‘மின்னமைப்பு’ போதும். இருபது வருடப் பழைய வீட்டின் மின்னமைப்பைச் சோதித்தேன் என்று எழுதினால் உறுத்தவில்லை. பழைய வீட்டின் நிறுவலைச் சோதித்தேன் என்றால் உறுத்துகிறது.

மீதி இருப்பது ‘டெஸ்டர்’. தனியாக டெஸ்டர் என்றால் நம் சட்டைப்பையில் இருக்கும் நியான் விளக்கு ஸ்க்ரூடிரைவர், அதனால் அது ஆகாது. ‘சோதிமானி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வெளிச்சத்தை அளப்பது என்றுதான் பலரும் படிப்பார்கள். நான் முன்வைப்பது ‘சோதிப்பான்’. ‘ஆன் விகுதி ஆண்பாலாயிற்றே’ என்ற மறுப்பு வரும், தெரியும். பள்ளிப் பிள்ளையின் அழிப்பானையும் வயலில் ஓடும் தெளிப்பானையும் யாரும் ஆம்பளை என்று எண்ணுவதில்லை. சுற்று முறிப்பான் (சர்க்யூட் பிரேக்கர்) ஏற்கெனவே இந்தத் துறையிலேயே இருக்கிறது.

ஆக, முழுக் கருவி மின்னமைப்புச் சோதிப்பான். ஒற்றை வேலைக் கருவி காப்புச் சோதிப்பான், வளையச் சோதிப்பான். பேச்சில் “மெக்கர் போடு” இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் திருத்தப் போனால் சிரிப்பார்கள். எழுத்தில் மெக்கர் என்று வந்தால் அது நிறுவனத்தின் பெயர் மட்டும்.

இந்தச் சொல் கைக்கு வந்ததும் ஒப்பீட்டை நேராக எழுத முடிகிறது. ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“ஃப்ளூக் 1664 எஃப்.சி. சோதிப்பான், காப்புச் சோதனைக்கு முன் மின்சுற்றில் ஏதாவது சாதனம் இணைந்திருக்கிறதா என்று பார்த்து எச்சரிக்கும். யாரோ கழற்ற மறந்த டிவிக்குள் 500 வோல்ட் போகாது. மெக்கர் எம்.எஃப்.டி 1741 சோதிப்பானில் இரண்டு முனைகளை மட்டும் வைத்தே, ஆர்.சி.சி.பி. விழாமல் (ட்ரிப் ஆகாமல்) வளையச் சோதனை செய்யலாம். கியோரிட்சுவிலும் அதற்கென ஒரு நுட்பம் உண்டு.”

பிரிட்டனில் வாங்குபவர்கள் அதிகம் மல்லுக்கு நிற்பது அந்த விழாமல் செய்யும் சோதனையின் துல்லியத்துக்காகத்தான். ஆர்.சி.சி.பி.யை விழவைக்காமல் மிகச் சிறிய மின்னோட்டத்தில் அளப்பதால் எண் கொஞ்சம் ஆடும். அங்கே 32 ஆம்பியர் பி வகை எம்.சி.பி.க்கு (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) வளையத்தின் இம்பிடன்ஸ் 1.37 ஓமைத் தாண்டக்கூடாது. கால் ஓம் ஆடினாலே தேர்ச்சியும் தோல்வியும் இடம் மாறிவிடும். நம் ஊர்த் தனி வீட்டுக் கதை வேறு. எர்த் குழியின் தடையே பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டி நிற்கும். எர்த் கசிவில் எம்.சி.பி. விழும் என்று நம்ப முடியாது, காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. மட்டுமே. ஆகவே கால் ஓம் துல்லியத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி வினாடிக்குள் துண்டிக்கிறதா என்ற சோதனையும் குழித் தடைச் சோதனையும் உள்ள சோதிப்பானை வாங்குவதுதான் இங்கே புத்திசாலித்தனம். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் வளையத் தடை குறைவாக உள்ள அடுக்ககங்களில் வேலை செய்பவர் மட்டும் பிரிட்டன்காரர்போல் யோசிக்கலாம்.

பிரிட்டனிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கருவி இங்கே ஒழுங்காக வேலை செய்யும்; ஆனால் கூடவரும் சோதனை வயரில் பிரிட்டனின் தட்டைக்கால் பிளக் இருக்கும், நம் உருளைக்கால் சாக்கெட்டில் நுழையாது. அளவுத்திருத்தச் சான்றிதழை உள்நாட்டில் புதுப்பிக்க முடியுமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

இன்னும் தீராதது ‘நோ ட்ரிப்’, அதாவது மேலே சொன்ன, ஆர்.சி.சி.பி. விழாமல் செய்யும் சோதனையின் பெயர். எலக்ட்ரீஷியன்கள் ட்ரிப் ஆவதை ‘விழுந்துருச்சு’ என்பதால் முதலில் ‘விழாச் சோதனை’ என்று எழுதினேன். திருவிழாவுக்கு முந்தின நாள் சீரியல் லைட் பார்க்கிற மாதிரி இருந்தது. ‘துண்டிக்காச் சோதனை’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இலங்கை நண்பர்கள் தங்கள் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், அட்டவணைத் தலைப்பை அதற்குப் பிறகு முடிவு செய்கிறேன்.