மறு: மெஷ் டென்ஷனுக்கு 'வலையழுத்தம்' வேண்டாம், 'வலை இழுவிசை' எனலாம்

குழுமத்தாருக்கு வணக்கம்.

துணி ஸ்கிரீன் பிரிண்டிங் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மெஷ் டென்ஷனுக்கு (சட்டத்தில் கட்டிய வலை எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்பதற்கு) நேராக 'வலையழுத்தம்' என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை நம்பிக் கையேட்டைப் படிப்பவர், பட்டறையில் செய்ய வேண்டியதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துவிடுவார்.

அச்சடிக்கும் நேரத்தில் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. வலை நாலு பக்கமும் சட்டத்தில் இழுபட்டு நிற்கிறது. மேலிருந்து ஸ்குவீஜி (மையை வலை வழியே தள்ளும் ரப்பர் பட்டை) அழுத்துகிறது. வலை தொய்ந்திருந்தால் ஸ்குவீஜி கடந்து போன பிறகும் அது துணியை விட்டு உடனே எழும்பாது, மையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கறுப்பு பனியன் துணியில் வெள்ளை அடிக்கிறவர், மூடவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்துவார். இன்னொரு ஸ்ட்ரோக்கும் கொடுப்பார். மை துணிக்குள் இறங்கிவிடும். மேலே வெள்ளை நிற்காது, ஓரமும் கசியும். வலை நன்றாக இறுகியிருந்தாலோ லேசான அழுத்தமே போதும், மை துணியின் மேலேயே உட்காரும்.

இப்போது கையேட்டில் "அழுத்தம் குறைந்தால் வெள்ளை மூடாது" என்று ஒரு வரி வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? கையில் இருக்கும் ஸ்குவீஜியை இன்னும் அழுத்துவார். அழுத்தம் என்ற சொல்லை ஸ்குவீஜிக்கே விட்டுவிடுவோம்.

சரி, மாற்று என்ன? 'விறைப்பு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது எனக்குச் சட்டத்தின் குணத்துக்குத் தேவைப்படுகிறது, பிறகு வருகிறேன். 'இழுப்பு' என்றால் ஸ்குவீஜியை இழுப்பதோடு குழம்பும். 'இறுக்கம்' நல்ல சொல். "வலை இறுக்கமா இருக்கா பாரு" என்று யாரும் இயல்பாகச் சொல்லலாம். பேச்சுக்கு அது போதும். ஆனால் மீட்டரை வைத்து அளந்து எண்ணாக எழுதும்போது 'இழுவிசை' தான் பொருந்துகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 'பரப்பு இழுவிசை' படிக்காதவர் குறைவு. அங்கே அதன் அலகு நியூட்டன்/மீட்டர். வலைக்கு நாம் பயன்படுத்துவது நியூட்டன்/செ.மீ. இரண்டுமே ஒரு நீளத்துக்கு இவ்வளவு விசை என்பதுதான். இழுவிசை என்றால் வெறும் விசைதானே என்று எழுந்த ஆட்சேபத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆகவே 'வலை இழுவிசை', அளக்கும் கருவிக்கு 'இழுவிசைமானி'.

இந்த அலகை வைத்து ஒரு கணக்குப் போட்டால், சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் புரிந்துவிடும். 60 செ.மீ. நீளமுள்ள பக்கத்தில் 25 நியூட்டன்/செ.மீ. இழுவிசை வைத்தால், அந்தப் பக்கத்தின் மேல் மொத்தம் 1500 நியூட்டன். கிட்டத்தட்ட 150 கிலோ எடை உள்பக்கமாக வளைக்கப் பார்க்கிறது! மரச்சட்டம் இதற்கு வளைந்துகொடுக்கும். எமல்ஷனை (டிசைனை உருவாக்க வலையில் பூசும் பூச்சை) கழுவக் கழுவத் தண்ணீர் குடித்து முறுக்கிக்கொள்ளவும் செய்யும். ஒரே கலர், சின்ன ஆர்டர் என்றால் மரச்சட்டம் போதும், அதில் தப்பில்லை. நாலு கலர், ஆறு கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும் என்றால் அலுமினியத்துக்குப் போக வேண்டியதுதான். அதிலும் சட்டக் குழாயின் அகலமும் சுவர்த் தடிமனும் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய குழாயும் வளையும். வளைந்தால் பக்கங்களின் நடுப்பகுதியில் வலை தளரும். 'சட்ட விறைப்பு' என்ற சொல் எனக்கு வேண்டும் என்றது இதற்குத்தான். பிரேமுக்குச் 'சட்டம்' என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன், தச்சர்கள் சொல்வதே அதுதான்.

பாலியஸ்டர் வலைக்கு ஒரு குணம் உண்டு. இழுத்துக் கட்டிய உடனே காட்டும் இழுவிசை மறுநாள் இருக்காது, நூல் நீண்டு தளர்ந்துவிடும். புதுக் கயிற்றுக் கட்டில் போலத்தான். அதனால் ஒரே மூச்சில் இழுத்து ஒட்டிவிடாமல், கொஞ்சம் இழுத்து, விட்டுவைத்து, மறுபடி இழுத்துப் பிறகு ஒட்ட வேண்டும். உருளையைத் திருகித் திருகி மீண்டும் இறுக்கக்கூடிய சட்டங்கள் வந்ததும் இதற்காகத்தான். அவற்றுக்கு 'உருளைச் சட்டம்' என்றே வைக்கலாம். 'மறுஇழுவிசையூட்டத்தக்க சட்டம்' என்று பட்டியலில் இருப்பதை யாரும் வாயால் சொல்லப் போவதில்லை.

கையேட்டில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன்: ஒரு டிசைனுக்கான எல்லா ஸ்கிரீன்களும் ஏறக்குறைய ஒரே இழுவிசையில் இருக்க வேண்டும். ஒன்று 25, இன்னொன்று 14 என்றிருந்தால் தொய்ந்த வலை ஸ்குவீஜியோடு சேர்ந்து நகரும். என்னதான் ரெஜிஸ்டர் பார்த்து, அதாவது கலர்கள் சரியாகப் பொருந்துமாறு பார்த்து, வைத்தாலும் கலர் விலகும். அளக்கும்போது நடுவிலும் நாலு மூலைப் பக்கங்களிலும், ஊடு, பாவு இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்துச் சொல்கிற அனுபவசாலிகளை நான் மதிக்கிறேன். ஆனாலும் மீட்டர் காட்டும் எண்ணைத்தான் அடுத்த ஷிஃப்டுக்கு எழுதிவைக்க முடியும்.

அடுத்து மெஷ் கவுண்ட். பட்டியலில் 'நூல் எண்' என்று இருக்கிறது. திருப்பூரில் இதைச் சொன்னால் நாற்பதாம் நம்பர் நூலா, முப்பதாம் நம்பர் நூலா என்றுதான் கேட்பார்கள். அது எடைக்கு எவ்வளவு நீளம் என்னும் கணக்கு. இங்கே நமக்கு வேண்டியது ஒரு செ.மீ.யில் எத்தனை இழை என்பது. 'இழையடர்த்தி' என்று முன்மொழிகிறேன். கூடவே அலகையும் எழுதுவதைக் கட்டாயமாக்குவோம். 120 என்று மட்டும் எழுதினால், செ.மீ.க்கு 120 என்பது நுண்ணிய புள்ளி வேலைக்கான வலை. அங்குலத்துக்கு 120 என்றால் செ.மீ.க்கு 47 தான், அது வெள்ளை அடிக்கிற வலை. 43 டி, 77 டி, 120 டி என்று கடையில் கேட்பதெல்லாம் செ.மீ. கணக்கு. 120-34 என்று போட்டிருந்தால் பின்னால் இருப்பது மைக்ரானில் இழையின் தடிமன். அதையும் பார்க்க வேண்டும், மெல்லிய இழை அதிக இழுவிசை தாங்காமல் கிழியும்.

வலைக்கும் துணிக்கும் நடுவே விடுகிற சில மில்லிமீட்டர் சந்துக்கு 'தொடா இடைவெளி' என்று பட்டியலில் இருப்பது எனக்குச் சம்மதம். பட்டறையில் 'கேப்' என்பார்கள். இழுவிசை கூடினால் இந்த இடைவெளியைக் குறைக்கலாம், குறைத்தால் படமும் நீளாமல் விழும் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஸ்குவீஜி கடந்ததும் வலை துணியை விட்டு விருட்டென்று எழும்புவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை. 'விடுபடல்' மந்தமாக இருக்கிறது, 'துள்ளெழல்' செயற்கையாகத் தெரிகிறது. பட்டறையில் இருப்பவர்கள் யாராவது இதற்கு ஒரு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.