மாடியில் வைஃபை நிற்பதே இல்லை, நம்பி வாங்கும்படி ரவுட்டர் எது?

திருநகர்வாசி:
வீடு மதுரை திருநகரில். கீழும் மேலுமாக இரண்டு தளம், அப்பா கட்டியது, சுவரெல்லாம் 9 இஞ்ச் செங்கல். 200 எம்பிபிஎஸ் பைபர் பிளான், கம்பெனி கொடுத்த மோடம் ஹாலில் டிவிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஹாலில் ஒரு குறையும் இல்லை. மாடியில் வீட்டம்மா ஆபீஸ் மீட்டிங் பேச உட்கார்ந்தால்தான் வம்பு, வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனால் படம் உறைந்து போய், குரல் கரகரவென்று உடைந்து, அப்புறம் ‘ரீகனெக்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார் என்பதைத் தாண்டி வேறு பேச்சே கிடையாது. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 6 ஆன்டெனா வைத்த ஒன்றைக் காட்டி, மூணு மாடிக்கு இழுக்கும் என்கிறார்கள். பட்ஜெட் 3000, தேவைப்பட்டால் கொஞ்சம் கூடப் போகலாம். எதை வாங்க?

கேபிள்காரன்:
சார், கடைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்க. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மோடத்தில் சொருகி ஸ்பீடு பாருங்க. 200 பக்கம் வந்தால் லைன் சுத்தம், கோளாறு வைஃபையில் மட்டும்தான். கேபிளிலேயே விட்டு விட்டு வந்தால் எந்த ரவுட்டர் வாங்கினாலும் காசு தண்டம். 90 சொச்சத்தில் அசையாமல் நின்றால் அந்த போர்ட்டோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் சாதி, அதை லைன் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அப்புறம் மோடத்தில் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக மின்னுகிறதா பாருங்க, மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று மைனஸில் ஒரு எண் இருக்கும். -15லிருந்து -25க்குள் இருந்தால் நிம்மதி. -27ஐத் தொட்டால் எங்கேயோ ஜாயின்ட் மோசம், இல்லையென்றால் டிவிக்குப் பின்னால் அந்த மஞ்சள் வயர் மடங்கிக் கிடக்கிறது. கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீங்க. அது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஒத்தக்கடை:
கோடு முழுசாக இருந்தும் ஓடவில்லை என்றால் அநேகமாக மோடம் விடும் ரெண்டு வைஃபை அலையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் தொங்கிக்கொண்டு இருப்பீங்க. அது சுவரைத் தாண்டும், ஆனால் தெருவில் எல்லார் வீட்டு வைஃபையும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறது, ஒன்றோடொன்று உரசாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் உங்க 9 இஞ்ச் சுவரிலும் காங்க்ரீட் தளத்திலும் பாதி செத்துவிடும். 6 ஆன்டெனா அல்ல, 16 வைத்தாலும் தளத்தைத் துளைக்காது அண்ணே, கடைக்காரர் பேச்சை விடுங்க.

என் யோசனை, மாடிக்கு ஒரு கேட்6 லேன் கேபிள் இழுத்து மேலே ஒரு சாதாரண ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ மோடில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும், வைப்பது. இன்டர்நெட் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டுக் கம்பெனியிடம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, மோடம் பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். விலை குறைவு என்று, கேபிள் இல்லாமல் வைஃபையை வாங்கித் திருப்பி விடும் ரிப்பீட்டர் மட்டும் வாங்காதீங்க, வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்றால் வேகம் பாதியாகும்.

அட்டைப்பெட்டியில் ‘ஏசி1200’ என்று பார்த்து மயங்க வேண்டாம், அது 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டிப் போட்ட கணக்கு. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 ரெண்டுமே ஏசி1200தான், ஆனால் சி50இல் போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ், சி6இல் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். உங்க 200 பிளானுக்கு முதலாவதை வாங்கினால் கேபிளிலேயே பாதி போச்சு. ‘கிகாபிட்’ என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க. ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 கைக்கெட்டும் விலையில் வந்தால் எடுங்க, இல்லையென்றாலும் குடி முழுகாது.

விளாச்சேரி:
எங்க வீட்டில் ரவுட்டர் ராத்திரி ராத்திரி தானாக ரீஸ்டார்ட் ஆனது, கடைசியில் அடாப்டர் நோய். வோல்டேஜ் எண் அப்படியே பொருந்தணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறை அடுப்பு மாதிரி காயும், அதனால் ரவுட்டரைப் பரணில் திணிக்காதீங்க, பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம். கரண்டு போனால் இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று மாட்டிவிடலாம். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் ரெண்டுக்கும் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் வைத்துப் புண்ணியமில்லை.

திருநகர்வாசி:
கேபிளில் 190க்கு மேல் வருகிறது, அந்த எண் -21. ஆக லைன் சுத்தம், மாடிக்கு கேபிள்தான். படிக்கட்டு ஓரமாகப் போக வழியில்லை, வெளிச்சுவர் வழியாகத்தான் ஏற்றணும். திருப்பரங்குன்றத்திலிருந்து குரங்குகள் வேறு வந்து போகும், பிடித்து இழுக்குமோ?

கேபிள்காரன்:
இழுக்கும் சார், டிஷ் வயரையே விடாதுங்க. பிவிசி பைப்புக்குள் விட்டு கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்க. வெளியில் என்பதால் வெயில் தாங்குகிற கறுப்பு உறை போட்ட கேட்6 வேண்டும், சாம்பல் நிறத்தில் வருவது சீக்கிரமே நொறுங்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்கி, முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்க. கிகாபிட்டுக்கு 8 இழையும் ஒழுங்காகப் பிடித்திருக்கணும். வேலை முடிந்ததும் மாடியில் லேப்டாப்பைச் சொருகி லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டுகிறதா பாருங்க. 100 என்றால் ஏதோ ஓர் இழை விட்டுப்போச்சு, முனையில் பிளக்கை மறுபடி கிரிம்ப் அடிக்கச் சொல்லிவிட்டு அதற்கப்புறம் கூலியைக் கொடுங்க.