கஸ்டம் கெர்னல் போட்ட அனுபவங்கள்: உங்கள் போனில் எது ஒத்துவந்தது, எது வரவில்லை?

ரூட் செய்த, அதாவது முழு அதிகாரத்தையும் நம் கைக்கு எடுத்துக்கொண்ட போனுக்கு எந்த கெர்னல் (சிப், வைஃபை போன்றவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பெயர் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. என் போனுக்கான கெர்னலைக் கண்டுபிடிக்க எனக்கே நாலு மாதம் ஆனது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் போன் மாடலையும் எந்த ரோம் (போனில் ஓடும் ஆண்ட்ராய்டு தொகுப்பு) என்பதையும் குறிப்பிட்டு உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

என்னுடையது ரெட்மி நோட் 4. 2017-இல் வாங்கினேன். ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. ‘மிடோ’ என்ற அதன் சங்கேதப் பெயரைச் சொன்னால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். 2018-இல் பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்து, லீனியேஜ் 15.1 என்ற ரோமைப் போட்டு, மேஜிஸ்க் என்ற கருவியை வைத்து ரூட் செய்தேன். போன் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ராத்திரி படுக்கும்போது 80 சதவீதம் இருந்தால் காலையில் 64 இருக்கும். ஏழு மணி நேரம் யாரும் தொடாத போனில் 16 சதவீதம் எங்கே போகிறது? கெர்னலை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதலில் போட்டது சிப்பை அதன் சொந்த வேகத்துக்கு மேல், 2.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டும், அதாவது ஓவர்கிளாக் செய்யும் ஒரு கெர்னல். பெயர் வேண்டாம், செய்தவர் இலவசமாகத்தான் கொடுத்தார். அந்த சிப்பின் சொந்த உச்சம் 2.0. பப்ஜி ஆடிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி போனது. அப்புறம் கைரேகை சென்சார் இருக்கும் இடம் சுட ஆரம்பித்தது. ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. கெர்னல் அமைப்புகளைக் காட்டும் கெர்னல் அடியூட்டர் செயலியைத் திறந்தால், சிப்பில் வேலை செய்யும் எட்டு கோர்களும் 1401 மெகாஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருந்தன. சூடு ஏறினால் வேகத்தைக் குறைக்கும் காவல் ஒன்று போனில் எப்போதும் இருக்கிறது. நான் மேலே ஏற்றிய அந்த 200 மெகாஹெர்ட்ஸ் அந்தக் காவலைச் சீக்கிரம் எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். ஓவர்கிளாக் இல்லாமல் ஆடியபோது அரை மணி நேரம் சீராக ஓடியது.

அடுத்து ‘ஈஏஎஸ்’ கெர்னல். அந்த வருடம் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. வேலையைச் சிறிய கோருக்குக் கொடுப்பதா, பெரிய கோருக்குக் கொடுப்பதா என்று மின்செலவைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யும் முறை இது. நல்ல முறைதான். ஆனால் 625-இல் பெரியது, சிறியது என்ற பேதமே கிடையாது. எட்டும் ஒரே வகை, கார்டெக்ஸ் ஏ53. ஆளுக்கு ஆள் சம்பளம் வேறுபட்டால்தானே யாருக்கு எந்த வேலை என்று யோசிக்க வேண்டும்? பெரிய கோரும் சிறிய கோரும் உள்ள ஸ்னாப்டிராகன் 845 போன்ற சிப்பில் இது கொடுக்கும் பலனை என் போனில் நான் எதிர்பார்த்தது தவறு. இரவுச் செலவு 16-இலிருந்து 15 ஆனது.

மூன்றாவதாக ஒன்று போட்டு, அதில் மூன்று வாரம் கவர்னரையும் (சிப்பின் வேகத்தை ஏற்றி இறக்கும் விதி) ஐ/ஓ ஷெட்யூலரையும் (சேமிப்பகத்தில் படிப்பதையும் எழுதுவதையும் வரிசைப்படுத்தும் விதி) மாற்றி மாற்றி வைத்தேன். இன்டராக்டிவ், கன்சர்வேடிவ், டெட்லைன், நூப், பிஎஃப்க்யூ என்று எல்லாம். ஒரே ராத்திரியில் இரண்டையும் சேர்த்து மாற்றியதால், ஒரு நாள் 12 வந்தபோது எதனால் குறைந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

விடை கிடைத்தது பொங்கல் லீவில்தான். ஊரில் வைஃபை கிடையாது, மொபைல் டேட்டா மட்டும். முதல் நாள் காலையில் பார்த்தால் 3 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. மறுநாளும் அதே. அதே போன், அதே கெர்னல். கோவைக்குத் திரும்பி அறை வைஃபையில் சேர்ந்ததும் மறுபடி 16.

அன்றுதான் பெட்டர்பேட்டரிஸ்டாட்ஸ் செயலியை ஒழுங்காகத் திறந்து, கெர்னல் வேக்லாக் பட்டியலை, அதாவது போனைத் தூங்கவிடாமல் பிடித்து வைப்பவற்றின் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியில் க்யூகாம் ஆர்எக்ஸ் வேக்லாக். ஏழு மணி நேர ராத்திரியில் அது மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது. திரை அணைந்திருந்தாலும் வைஃபை வழியாக ஒரு தரவுப் பொட்டலம் வந்தால், அதை வாங்கிக்கொள்ள டிரைவர் போனை எழுப்பும், எழுப்பியபின் கொஞ்ச நேரம் விழித்திருக்கவும் வைக்கும். எங்கள் அறையில் ஐந்து பேர், ஒரே ரூட்டர். ஐந்து போன், மூன்று லேப்டாப், ஒரு டிவி பெட்டி. ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்தி ஒவ்வொன்றுக்கும் என் போன் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. கவர்னரை எப்படித் திருகினாலும் இதில் என்ன மாறும்?

அதற்குப் பிறகு தேடிய முறையே வேறு. வசதிப் பட்டியலைப் படிப்பதை விட்டுவிட்டு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு கெர்னலின் மாற்றக் குறிப்புகளைப் படித்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் குறிப்பின் தலைப்பு வரி புரியும். ஒன்றில் அந்த வேக்லாக் பிடித்து வைக்கும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். அதோடு லினக்ஸ் 3.18 வரிசையில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஓவர்கிளாக் இல்லை, நிறத்தை மாற்றும் கேகால்கூட இல்லை. போட்டேன், இரவுச் செலவு 5. இரண்டு வருடம் அதே கெர்னலில்தான் ஓட்டினேன்.

இடையில் ஒரு ஆசை. வேக்லாக் பிளாக்கர் வைத்து அதை முழுவதுமாகவே அடைத்தால் என்ன? அடைத்தேன். 3 சதவீதம் வந்தது. ஆனால் அம்மா வாட்ஸ்அப்பில் அழைத்தது அடிக்கவே இல்லை. காலையில் திரையைத் தொட்டதும் இரவு முழுக்க வந்த செய்திகள் மொத்தமாகக் கொட்டின. அன்றே எடுத்துவிட்டேன். அந்த 2 சதவீதம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். புது கெர்னல் போட்டதும் டெர்மினலில் ‘கெட்என்ஃபோர்ஸ்’ கொடுத்தால் ‘என்ஃபோர்சிங்’ என்று வர வேண்டும். ‘பெர்மிசிவ்’ என்று வந்தால் செயலிகளை எல்லை மீறவிடாத எஸ்ஈலினக்ஸ் தடுப்பு வேலை செய்யவில்லை, விதிமீறலைக் குறித்து மட்டும் வைக்கிறது என்று அர்த்தம். ரூட் செய்த போனில், பணம் அனுப்பும் செயலிகளையும் வைத்துக்கொண்டு, அப்படி விடக்கூடாது. எவ்வளவு வேகமான கெர்னலாக இருந்தாலும் நான் அதைக் கழற்றிவிடுவேன்.

* * *

ரெட்மி நோட் 4, எம்ஐயுஐ

அண்ணா, உங்கள் போன்தான் எனக்கும். நான் செய்த தப்பு வேறு. ரோமை மாற்றாமல், போனோடு வந்த ஷாவ்மியின் எம்ஐயுஐ-யிலேயே ரூட் மட்டும் செய்திருந்தேன். ‘மிடோவுக்கு’ என்று பெயரில் இருந்ததைப் பார்த்து ஒரு கெர்னல் ஜிப் கோப்பை இறக்கி, டிடபிள்யூஆர்பி என்ற மீட்புக் கருவி வழியாக ஃப்ளாஷ் செய்துவிட்டேன், அதாவது போனில் எழுதிவிட்டேன். பூட் ஆனது. வைஃபை பொத்தானைத் தள்ளினால் தானாகவே திரும்ப அணைந்தது. பத்துத் தடவை தள்ளியிருப்பேன். ரூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையும் அணைத்துப் போட்டேன்.

அப்புறம் ஒரு அண்ணன்தான் விளக்கினார். எம்ஐயுஐ-யில் வைஃபை டிரைவர் கெர்னலுக்குள் இல்லை, தனி மாட்யூல் கோப்பாக சிஸ்டத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்த கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்ற முத்திரை இருக்கும். கெர்னலை மட்டும் மாற்றினால் முத்திரை பொருந்தாது, கெர்னல் அதை உள்ளே விடாது. நான் போட்டது லீனியேஜ் வகை ரோம்களுக்கானது. போன் ஒன்றாக இருந்தாலும் ரோம் வேறு என்றால் கெர்னலும் வேறு என்று அன்றுதான் தெரிந்தது.

பதற்றத்தில் வேறொரு ஜிப்பை மேலே போட்டதில் பூட்லூப் ஆகிவிட்டது. லோகோ வரும், போகும், திரும்ப வரும். ராத்திரி இரண்டு மணி. மறுநாள் காலேஜில் இன்டர்னல். வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் தொப்பி போட்ட முயல் ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் செய்யும் படம் வருமே, அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. லேப்டாப்பிலிருந்து போனில் எழுத உதவும் ஃபாஸ்ட்பூட் வேலை செய்கிறது. அதே எம்ஐயுஐ பதிப்பின் ரோமை லேப்டாப்பில் இறக்கி, அதிலிருந்து கெர்னல் அடங்கிய பூட் இமேஜ் கோப்பை மட்டும் எடுத்து, ஃபாஸ்ட்பூட் வழியாக பூட் பகுதியில் எழுதினேன். போன் எழுந்தது, வைஃபையும் வந்தது, ஒரு போட்டோகூடப் போகவில்லை. ரூட் மட்டும் போய்விட்டது, மேஜிஸ்க்கும் அந்த பூட் பகுதியில்தானே இருந்தது. இப்போது கெர்னலில் கைவைக்கும் முன் பூட் இமேஜை லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று வைத்துவிடுகிறேன்.

* * *

நெக்ஸஸ் 5, ஸ்டாக் ரோம் (போனோடு வந்தது)

கொஞ்சம் பழைய கதை. நெக்ஸஸ் 5-இல் பேட்டரியே 2300 எம்ஏஎச்தான். அதனால் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எலிமென்டல்எக்ஸ் அல்லது ஃபிராங்கோ கெர்னல் போட்டு அண்டர்வோல்ட் செய்வோம். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் சூடும் குறையும், சார்ஜும் மிஞ்சும்.

என் நண்பன் 75 மில்லிவோல்ட் குறைத்து வைத்திருந்தான், ஒரு குறையும் இல்லை. அதே கெர்னல், அதே எண்களை என் போனிலும் வைத்தேன். கேம் ஆடினேன், ஒன்றும் ஆகவில்லை. வீடியோ ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சரி, தாங்குகிறது என்று படுத்துவிட்டேன். காலை ஐந்தரை மணி அலாரம் அடிக்கவில்லை. போன் அணைந்து கிடந்தது. ரயில் போய்விட்டது.

அழுத்தி வேலை வாங்கும்போது தாங்கிய போன் சும்மா கிடக்கும்போது ஏன் விழுந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு படித்ததில் விவரம் தெரிந்தது. ஸ்னாப்டிராகன் 800 சிப்புகள் எல்லாம் ஒரே தரமாக வருவதில்லை. தொழிற்சாலையிலேயே சோதித்து பிவிஎஸ் என்று ஒரு எண் கொடுத்து, அதற்கேற்ற மின்னழுத்தப் பட்டியலைப் போனுக்குள் வைத்துவிடுகிறார்கள். நண்பனுடைய எண் வேறு, என்னுடையது வேறு. அவன் போனில் இருந்த மிச்ச இடம் என்னுடையதில் இல்லை. திரை அணைந்ததும் போன் 300 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. அந்த அடிமட்டத்தில் மின்னழுத்தம் ஏற்கெனவே குறைவு, அதிலும் 75 குறைத்ததால்தான் விழுந்திருக்கிறது. பிறகு மேல் வேகங்களுக்கு மட்டும் 25 குறைத்து, கீழ் வேகங்களைத் தொடாமல் விட்டேன். அதன்பின் ஒரு நாளும் விழவில்லை.

இதில் நான் கெர்னலைக் குறை சொல்லவே மாட்டேன். அடுத்தவர் எண்ணை வாங்கிப் போட்டது நான்தான்.

* * *

பிக்சல் 7

புதுப் போன்காரர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். இப்போது ஜிகேஐ என்ற கூகுளின் பொதுக் கெர்னல் முறை வந்தபின் கெர்னலின் நடுப்பகுதி எல்லா நிறுவனங்களுக்கும் பொது, டிரைவர்கள் தனி மாட்யூல்கள். அதனால் 5.10 என்ற கெர்னல் எண்ணை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஆண்ட்ராய்டு12 என்று இருக்கிறதா, ஆண்ட்ராய்டு13 என்று இருக்கிறதா என்பதும் பொருந்த வேண்டும். செட்டிங்ஸில் கெர்னல் பதிப்பைப் பார்த்தால் தெரியும். என் போனில் மேஜிஸ்க் இருப்பது இனிட்_பூட் என்ற பகுதியில், கெர்னல் இருப்பது பூட் என்ற பகுதியில். ஒன்றை மாற்றினால் மற்றது போகாது. கெர்னல்எஸ்யூ என்ற ரூட் கருவியைக் கெர்னலோடு சேர்த்தே கட்டிய வகையில் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு ரூட்டே கெர்னலுக்குள் இருப்பதால் அது உள்ள கெர்னலைத்தான் தேட வேண்டும்.

* * *

போக்கோ எஃப்1

அண்ணா, எல்லாம் படித்தேன். ஆனாலும் கேட்கிறேன், பேட்டரிக்கு எது பெஸ்ட்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

* * *

ரெட்மி நோட் 4 (மறுபடி நான்)

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், பெயர் இப்போது வேண்டாம். உங்களுடையது 845, ஈஏஎஸ் பேச்சுக்கு அர்த்தம் உள்ள சிப். ஸ்டாக் கெர்னலிலேயே அதற்கான அடிப்படை இருக்கிறது. அதனால் முதலில் இப்போது இருப்பதிலேயே மூன்று ராத்திரி விடுங்கள். முதல் ராத்திரி வைஃபையில், இரண்டாவது மொபைல் டேட்டாவில், மூன்றாவது ஏரோபிளேன் மோடில். படுக்கும்போது எத்தனை, எழும்போது எத்தனை என்று எழுதி வையுங்கள். மூன்றாவது ராத்திரியும் அதிகமாக இறங்கினால் ஏதோ செயலி காரணமாக இருக்கலாம், அல்லது பேட்டரிக்கே வயதாகியிருக்கலாம், அப்படியென்றால் கெர்னல் மாற்றிப் பயன் இல்லை. எந்த ரோம், எந்தப் பதிப்பு என்பதையும், கெர்னல் வேக்லாக் பட்டியலின் முதல் மூன்று வரிகளையும் இங்கே போடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் பூட் இமேஜை லேப்டாப்பில் எடுத்து வைத்துவிடுங்கள்.