மஞ்சள் நோட்டீஸ் வந்திருக்கிறது, நாலணாவுக்குக் கையெழுத்துப் போடலாமா?

ஆறு மெஷின், திருப்பூர்:

வணக்கம். ஜாப் ஒர்க்கில் நிட்டிங் ஓட்டுகிறேன். ஐந்து வருடமாகப் பெரும்பாலும் ஒரே பனியன் கம்பெனிக்குத்தான் வேலை. கம்பெனி அதன் முதலாளி ஒருவர் பெயரில்தான், பங்குதாரர் யாரும் இல்லை. எனக்கு வரவேண்டிய கூலி 7,80,000 ரூபாய். அதில் 3,20,000-க்குக் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. பேங்க் மெமோ வந்து 18 நாள் ஆகிறது. நேற்று சப் கோர்ட் நோட்டீஸ் வந்தது, ஐ.பி. (தான் திவால் என்று கோர்ட்டில் போடும் மனு) கொடுத்திருக்கிறாராம். அவர் பணம் தரவேண்டியவர்கள் பட்டியலில் 31 பேர், நான் 14-வது.

இன்று காலை அவருடைய மச்சினர் வந்தார். ரூபாய்க்கு நாலணா கணக்கில் 1,95,000 தருகிறோம், பாக்கி தீர்ந்தது என்று எழுதிக் கொடுங்கள், கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்கிறார். அவர் நூலில் நான் ஓட்டிய 62 ரோல் துணி என் யூனிட்டில் கிடக்கிறது, அதையும் கேட்கிறார். ஏழு மாதம் முன்பு வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிட்டதாகப் பேச்சு. ஆப்பரேட்டர்களுக்கு இரண்டு வாரச் சம்பளம் நிற்கிறது. மறுத்தால் இந்த நாலணாவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய நூல் வியாபாரி, ஈரோடு:

தம்பி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2009-ல் எனக்கும் இதே மாதிரி நோட்டீஸ் வந்தது. போய் மட்டும் என்ன கிடைக்கப்போகிறது என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். கடனை நிரூபிக்காததால் பங்கு பெறுவோர் பட்டியலில் என் பெயர் ஏறவே இல்லை. குடோன் விற்ற பணத்தை, ஆஜரான நான்கு பேருக்குப் பங்கு வைத்தார்கள். என் நாலு லட்சம் அப்படியே போயிற்று. நீங்களும் அப்படி விட்டுவிடக் கூடாது.

முதலில் செக். மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும், உங்களுக்கு 12 நாள்தான் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஐ.பி. கொடுத்ததால் செக் கேஸ் நின்றுவிடாது, அது குற்ற வழக்கு. மச்சினர் இவ்வளவு அவசரமாக வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

62 ரோலையும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவுப்படி, உழைப்புப் போட்ட பொருளை அதற்கான கூலி வரும்வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த 62 ரோலுக்கு உண்டான கூலிக்கு மட்டும்தான், பழைய பாக்கிக்கு இல்லை. நீங்களாக விற்கவும் கூடாது. எடை போட்டு, போட்டோ எடுத்து, விவரத்தை வக்கீலிடம் கொடுங்கள்.

வீட்டு விஷயத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். தனி ஆள் ஐ.பி. என்றால் நம் மாவட்டங்களில் இன்னும் 1920-ம் வருட மாகாணச் சட்டம்தான். எழுதிவைத்து இரண்டு வருடத்துக்குள் போட்ட மனுவில் அவர் திவால் என்று அறிவிக்கப்பட்டால், பணம் வாங்காமல் எழுதிய பத்திரத்தை 53-வது பிரிவில் ரத்து செய்ய முடியும். அஃபிஷியல் ரிசீவர் (திவாலானவர் சொத்தைக் கோர்ட் சார்பில் கவனிப்பவர்) அசையாவிட்டால், கோர்ட் அனுமதியோடு நீங்களே கேட்கலாம்.

அப்புறம் அந்த நாலணா. அது யார் பணம்? மனு போட்ட பிறகு அவர் கையிலிருந்து தனியாக வாங்கினால், நாளை ரிசீவர் அதைத் திருப்பிக் கேட்கலாம். மச்சினரின் சொந்தப் பணமென்றால் வேறு கதை. முறைப்படி சமரசம் என்றால், கடனை நிரூபித்து ஆஜரானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், தொகையில் முக்கால் பங்குக்காரர்களாக இருந்து ஒப்புக்கொள்ள வேண்டும். கடனாளி மேல் தப்பு தெரிந்தால், ரூபாய்க்கு ஆறணாவுக்காவது ஜாமீன் காட்டாத சமரசத்தைக் கோர்ட் ஏற்காது. சட்டத்தில் இன்றைக்கும் அணாதான். உங்கள் கணக்கில் அது 2,92,500. அது உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கணக்காளர், பல்லடம்:

அண்ணா சொல்வது சரி. ஆனால் கோர்ட் வழி வருடக்கணக்கில் இழுக்கும், சம்பளம் அதுவரை காத்திருக்காது. மச்சினர் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஆர்டிஜிஎஸ் போடத் தயாரென்றால், செக் தொகை 3,20,000-க்கு மட்டும் தனியாகப் பேசுங்கள், மீதிக் கடனை விட்டுக்கொடுக்க வேண்டாம். பணம் கணக்கில் ஏறிய பிறகே செக்கைத் திருப்பிக் கொடுங்கள். டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில், லெட்ஜர் மூன்றையும் தேதி வாரியாக இன்றே அடுக்கிவையுங்கள். கடனை நிரூபிக்கும் அபிடவிட்டுக்கு அவைதான் வேண்டும்.

ஆறு மெஷின், திருப்பூர்:

வில்லங்கம் எடுத்துவிட்டேன். மனைவிக்குத் தான செட்டில்மென்ட், ஏழு மாதம் முன்புதான். அதற்கு முன்பே ஒரு பேங்க் அடமானமும் இருக்கிறது.

பழைய நூல் வியாபாரி, ஈரோடு:

அப்படியானால் வீட்டை நம்பி மட்டும் இருக்காதீர்கள் தம்பி. அடமானம் வாங்கிய பேங்க் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும், மீதி இருந்தால்தான் உங்கள் 31 பேருக்கும். அதனால்தான் செக் நோட்டீஸ் முக்கியம் என்கிறேன்.

ஆறு மெஷின், திருப்பூர்:

சரி அண்ணா. நாளை காலை பத்து மணிக்கு வக்கீலைப் பார்க்கிறேன். மச்சினரிடம் போனில் சொல்லிவிட்டேன், கையெழுத்து இல்லை, துணியும் இப்போது இல்லை என்று. ரோல்களை எடை போட ஆரம்பித்திருக்கிறோம், இதுவரை 23 முடிந்தது.