பழைய பிக்கப்புக்கு வெளிச்சம் கூட்டப் போய்ப் பட்ட பாடு: உங்கள் அனுபவங்கள்

பூ வண்டி, அல்சூர்

ராயக்கோட்டை சாலையில் விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்த இரண்டு உள்ளங்கால்கள் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். வண்டி டாடா 207, வயது பதினைந்துக்கு மேல். சாமந்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியாகப் பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்கு வருவது வாடிக்கை. அதன் ஹெட்லைட் எப்படி இருக்கும் என்பது அந்த வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும். டிம்மில் போட்டால் எரிகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.

எதிரில் வந்த பேருந்து பிரைட்டைக் குறைக்காமல் கடந்து போனது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சாலையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் "மாமா, கால்!" என்று கத்தினான். டயர் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்த டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தார்; பின்னால் விளக்கும் இல்லை, சிவப்பு ஸ்டிக்கரும் இல்லை; வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த வெளுத்த பாதங்கள்தான் என் வெளிச்சத்தில் முதலில் பட்டன. வண்டி நின்றபோது இடைவெளி ஓர் ஆள் படுக்கும் நீளம்கூட இல்லை. அவர் எழுந்து வந்து என்னைத் திட்டவில்லை, "தீப்பெட்டி இருக்கா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியமே ஜே.சி. ரோட்டுக்குப் போய் 100/90 வாட்ஸ் (பிரைட்டில் 100, டிம்மில் 90) பல்பு இரண்டு வாங்கிப் போட்டேன். முதல் வாரம் பகல் போல இருந்தது. மூன்றாம் வாரம் இடதுபக்கம் அணைந்தது. கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் மெழுகு போல உருகிப் பல்பின் உலோகக் கால்களோடு ஒட்டிக்கிடந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன்.

கனகபுரா ரோடு, பழைய பொலேரோ பிக்கப்

அண்ணன் அடுத்ததாக எல்.இ.டி. பல்பைத்தான் வாங்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றுவதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அதையே செய்தேன். ஹோல்டர் உருகாது, பேட்டரியைத் தின்னாது, பால் போன்ற வெள்ளை வெளிச்சம் என்று கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பழைய டூமிலேயே, அதாவது ஹெட்லைட் கூட்டிலேயே, பொருந்தியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தபோது, இத்தனை நாள் இது இல்லாமல் எப்படி ஓட்டினோம் என்று இருந்தது.

ஒருநாள் இரவு மச்சான் வண்டியை எடுத்துப் போயிருந்தார். நான் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு வண்டி வந்தது. அதன் வெளிச்சம் ஹெல்மெட் கண்ணாடி முழுவதும் பரவியதில் சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று எதுவும் தெரியவில்லை. மண்ணில் இறங்கி நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தினேன். கடந்து போகும்போதுதான் பார்த்தேன், பின்பலகையில் என் மகன் பெயர் எழுதியிருந்தது. என் வண்டி அது. அதுவும் டிம்மில்தான் வந்தது என்று மச்சான் பிறகு சத்தியம் செய்தார்.

2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை கண்கூசும் விளக்குகளைப் பிடிக்கத் தொடங்கியபோது அபராதமும் கட்டினேன். ஆனால் அதற்கு முன்பே மனது விட்டுப்போயிருந்தது. இப்போது மறுபடியும் 60/55 ஹாலஜன் என்ற பழைய இழை பல்புதான், பழையபடி மங்கலாகத்தான் ஓடுகிறது.

முன்னாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஸ்ரீராமபுரம்

பூ வண்டிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. உருகியது ஹோல்டரின் குற்றமும் அல்ல, பல்பின் குற்றமும் அல்ல. பழைய வண்டிகளில் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் சாவி சுவிட்ச், ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்ச், பச்சை பிடித்த நாலைந்து இணைப்புகள் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பல்புக்குப் போய்ச் சேரும். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் சுங்கம் பிடித்துக்கொள்வார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். பல்பின் காலில் 11.5 இருந்தால் அதிசயம். இரண்டரை வோல்ட்தானே குறைந்தது என்று எண்ண வேண்டாம். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் உங்களுடைய பல்புக்குரிய வெளிச்சத்தில் பாதி, சாலைக்கு வரும் முன்பே தொலைந்துவிட்டது. அதே ஒயரில் நீங்கள் இன்னும் பெரிய பல்பைப் போட்டீர்கள். 55 வாட்ஸ் இரண்டு சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். 90 வாட்ஸ் இரண்டு சேர்ந்தால் பதினைந்து. மின்னோட்டம் கூடும்போது இழப்பும் கூடும், சூடும் கூடும், ஹோல்டர் உருகும். அந்த 100/90 பல்பு சாலையில் ஓடும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்டதே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி, கேட்காமலே சொல்கிறேன். முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு எரிந்துகொண்டிருக்கும் பல்பின் காலில், ஹோல்டரின் பின்புறமிருந்து மீட்டரின் முள்ளைச் செருகிப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும். பல்பு எரிந்து மின்சாரம் ஓடாமல் இழப்பு தெரியாது. வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட வேண்டியதுதான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய ஹோல்டருக்கு வந்த மின்சாரம் ரிலேயின் 86-ஆம் காலுக்குப் போய்ச் சுருளை மட்டும் இயக்கட்டும், 85 எர்த். பேட்டரியிலிருந்து நேராக, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில், ஃபியூஸ் வழியாக 30-ஆம் காலுக்குக் கொண்டுவந்து, 87-இலிருந்து பல்புக்கு எடுங்கள். எர்த் ஒயரையும் அதே தடிமனில் புதிதாக இழுங்கள். பாதிப்பேர் பாசிட்டிவை மட்டும் மாற்றிவிட்டு, துருப்பிடித்த பாடியில் எர்த்தை விட்டுவிட்டு, ரிலே போட்டும் பயனில்லை என்று வருவார்கள். ரெடிமேட் ஒயரிங் கிட் ஜே.சி. ரோட்டிலேயே கிடைக்கிறது. ஆனால் சில பழைய ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், அவற்றில் இந்தக் கிட் அப்படியே வேலை செய்யாது; உங்களுடையதில் அந்தச் சிக்கல் இருக்காது என்றாலும் அளந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

என் அனுபவம் சிறியது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காய்கறி வண்டிக்கு இதே வேலையைச் செய்தேன். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ரிலேக்கு அருகில் வைத்தேன். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருந்த ஒயர் பானெட் கீலில் உரசி உரசித் தோல் உரிந்தது. அந்த ஓட்டுநர் கலாசிபாளையத்தில் என் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, புகைந்துகொண்டிருந்த பானெட்டைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்தார். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

ஜிகணி லோடு

பெரியவர் சொன்ன வோல்டேஜ் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, லைட்டின் சாய்வைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் போனது எனக்குச் சரியாகப் படவில்லை. பிக்கப் என்பது கார் அல்ல. நான் ரிலே, புது ஒயர் எல்லாம் போட்டு, காலி வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அழகாக லைட்டைச் சரிசெய்து வைத்திருந்தேன். மறுநாள் ஜிகணியில் கிரானைட் பலகைகளை ஏற்றியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொண்டது. பொம்மனஹள்ளிக்குள் ஒரு சந்தில் திரும்பினேன். சாலை இருட்டாக இருக்கிறது, இரண்டாவது மாடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையின் ஜரிகை மட்டும் மின்னுகிறது. மாடியில் நின்ற அம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எனவே வழக்கமாக எவ்வளவு லோடு ஏற்றுவீர்களோ அவ்வளவை ஏற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, அதன் பிறகு டூமின் திருகைத் தொடுங்கள். பத்து மீட்டர் தூரத்துச் சுவரில், டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பல்பின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில், எட்டு மீட்டர் தள்ளி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்றே இருக்கிறது. காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும். காலி வண்டியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

லிங்கராஜபுரம், கேட்டரிங் வண்டி

எங்கள் வண்டியில் முன்பக்கம் இருப்பது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். பத்து வருட வெயிலில் அது மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. எட்டு வருடம் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் அல்லவா, அதற்கு முந்தைய நாள் என் கணவர் புது டூம் விலை கேட்டுவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் பற்பசையைப் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது, எஃப்.சி. முடிந்தது, ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

இரண்டாவது முறை முறையாகச் செய்தேன். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் 800, பிறகு 1500, பிறகு 3000 நம்பர் என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதல் தேய்ப்பிலேயே மஞ்சள் பால் மாதிரி வழிந்தது; பிளாஸ்டிக் முழுவதும் வெண்புகை பிடித்ததுபோல் ஆனதைப் பார்த்து என் கணவர், "போச்சு, இருந்ததையும் கெடுத்துட்டே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கும் அடிவயிறு கலங்கியது உண்மை. பாலிஷ் போட்டதும் உள்ளே இருக்கும் பல்பு தெரிய ஆரம்பித்தது. கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங் அடிக்காவிட்டால் எல்லாம் வீண், ஏனென்றால் கம்பெனி போட்டிருந்த பூச்சைத்தான் நாம் தேய்த்து எடுத்திருக்கிறோம்.

ரிலே, வோல்ட் என்று எழுதும் முன்பு ஒரு ஈரத்துணியை எடுத்துத் துடைத்துப் பார்க்கலாமே என்பதுதான் என் எண்ணம். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் கிண்ணம் கறுத்திருந்தால் மட்டும் துணி போடாதீர்கள். அந்த வெள்ளிப்பூச்சு துணியோடு வந்துவிடும், எங்கள் வலதுபக்கத்தில் வந்தது.

ஹொசகோட்டே

கனகபுரா ரோடு நண்பர் எல்.இ.டி.யையே குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. நான் புரொஜெக்டர் லென்ஸோடு முழு யூனிட்டையும் மாற்றியிருக்கிறேன். எதிரில் வருபவர் யாரும் என்னைத் திட்டியதில்லை. மழையில் மட்டும் அந்த வெள்ளை வெளிச்சத்தைத் தார்ச்சாலை விழுங்கிவிடுகிறது, சென்ற அக்டோபரில் கோலார் பக்கம் ஒரு வேகத்தடையை வானத்தில் பறந்தபடிதான் கண்டுபிடித்தேன்.

முன்னாள் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஸ்ரீராமபுரம்

நீங்கள் மாற்றியது யூனிட், அவர் மாற்றியது பல்பு, இரண்டும் ஒன்றல்ல. ஹாலஜனுக்காக வடித்த ரிஃப்ளெக்டர் கிண்ணத்தில் பல்பின் இழை எங்கே இருக்க வேண்டுமோ, மில்லிமீட்டர் பிசகாமல் அங்கே இருந்தால்தான் வெளிச்சம் வரிசையில் நிற்கும். எல்.இ.டி. சில்லு அந்த வடிவத்தில் இல்லை. ஜிகணிக்காரர் சொன்னது சரி, சாய்வை நான் எழுதியிருக்க வேண்டும். லிங்கராஜபுரம் அம்மா சொன்னதை முதலில் செய்யலாம், செலவு குறைவு.

பூ வண்டி, அல்சூர்

ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். பேட்டரியில் 13.9; பல்பில் வலது 11.4, இடது 10.9. பெரியவர் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, மீட்டரைப் பார்த்த பிறகு பேச்சில்லை. பழையபடி 60/55 பல்பு, பீங்கான் ஹோல்டர், இரண்டு ரிலே, பேட்டரியை ஒட்டி ஃபியூஸ். என் வண்டியில் கண்ணாடிதான் என்பதால் துடைத்ததோடு சரி. மூட்டைகளை ஏற்றிய பிறகே சாய்வையும் வைத்தேன். இப்போது வலது 13.4 வருகிறது. இடது 12.6-க்கு மேல் ஏறவில்லை. அந்தப் பக்கத்து எர்த் மட்டும் இன்னும் பாடியில்தான் நிற்கிறது, அந்த போல்ட்டு பேட்டரித் தட்டுக்கு அடியில் துருவோடு இறுகிக்கிடக்கிறது, முறுக்கினால் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று அதே இடத்தைக் கடந்தபோது வேகத்தைக் குறைத்தேன். டிராக்டருக்கு முட்டுக்கொடுத்த இரண்டு கற்களும் இன்னும் சாலையிலேயே கிடந்தன, தூரத்திலிருந்தே தெரிந்தன. அக்கா மகனை இறக்கி ஓரமாக உருட்டிவிடச் சொன்னேன்.